பெண் பார்க்கப் போன வயிறு

மோகாவிலிருந்து பட்டாலாவுக்குப் பெண் பார்க்கக் கிளம்பியபோது நிர்வைர் சிங்கின் வயிறு சுத்தமாகக் காலி. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருந்தான். பெண்ணான ரமணீக்கே போனில் போட்ட உத்தரவு அது.

"எங்க அத்தை உன் படிப்பக் கேக்க மாட்டாங்க. நிலம் எவ்வளவுன்னும் கேக்க மாட்டாங்க. தட்டத்தான் பாப்பாங்க. போன தடவை வந்தவன் ஒரு ரொட்டியோட கையக் கழுவிட்டான். 'நம்ம வீட்டுச் சோத்த மதிக்காதவன் பொண்ண எங்க மதிக்கப் போறான்'னு அப்படியே அனுப்பிட்டாங்க. அவங்க பேச்ச எங்க அப்பாகூடத் தாண்ட மாட்டாரு."

"அவன் போனதுல உனக்கு வருத்தமா?"

"அவன் போனதுக்கு லட்டு சாப்பிட்டேன். நீ போனா அழுவேன். பட்டினியா வந்து சேரு."

ஜலந்தர் கல்லூரியில் ஆரம்பித்த காதல். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்து, 'சரி, வந்து பாருங்க' என்ற இடம் வரை இழுத்து வருவதற்குள் நிர்வைருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இனி மிச்சம் இருப்பது ஒரே ஒரு சாப்பாடு. அதைக் கெடுக்க உலகத்தில் ஒருவரால்தான் முடியும். அந்த ஒருவர்தான் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவன் அப்பா அஜாயிப் சிங்குக்குப் பஞ்சாபில் ஊர்களே கிடையாது, கடைகள்தான் உண்டு. யாராவது செத்த வீட்டுக்கு வழி கேட்டால்கூட, "பூரிக் கடை தாண்டி, ஜிலேபிக் கடைக்கு எதிர்ல" என்பார். ஹரீகேயில் ஆற்றுப் பாலம் கண்ணில் பட்டதுமே காரின் வேகம் குறைந்தது.

"பாபுஜி, வேண்டாம்."

"ருசி பாக்கறது வேற, சாப்பிடறது வேறடா. ருசி நாக்கோட நின்னுடும், வயித்துக்குப் போகாது."

"அப்ப இந்த வயிறு எங்கேருந்து வந்துச்சு?"

"அது காத்துடா."

கடலை மாவும் ஓமமும் பூசிப் பொரித்த ஆற்று மீன் வந்தது. பின் சீட்டிலிருந்த அம்மா பல்பீர் கௌர், "போற காரியம் என்ன, நீங்க பண்ற காரியம் என்ன?" என்று கணவரைத் திட்டிக்கொண்டே மூன்றாவது துண்டை எடுத்தாள். நிர்வைர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். வாசனைக்கு ஜன்னல் ஏது! ஒரு துண்டு. ஒன்றே ஒன்று. சரி, அதன் வாலும்.

தரன் தாரனுக்கு முன்னால் சாலையை மறித்துக்கொண்டு பையன்கள் கொடியோடு நின்றார்கள். ஆனி மாத வெயில், சீக்கிய குருவின் உயிர்த்தியாக நாள், ஊருக்கு ஊர் தண்ணீர்ப் பந்தல். அந்தப் பையன்கள் மேல் காரை ஏற்றிவிட்டுக்கூடப் போய்விடலாம், ரோஜா சர்பத்தைக் குடிக்காமல் போக முடியாது. குருவின் பேரால் நீட்டுவதை வேண்டாம் என்று சொல்லும் வாய் மோகாவில் இன்னும் பிறக்கவில்லை. நிர்வைர் பால் கலந்த சர்பத்தை ஒரு பெரிய டம்ளர் குடித்தான். கையில் வைத்த கடலைப் பிரசாதத்தையும் தின்றான்.

அடுத்த ஊரில் மறுபடி கொடி.

"தம்பி, இப்பத்தான் முந்தின ஊர்ல குடிச்சோம்" என்று கெஞ்சினான்.

"அது அவங்க சேவை. எங்க ஊரு என்ன பாவம் பண்ணுச்சு, அண்ணே?"

இன்னொரு டம்ளர் உள்ளே போனது. அதற்கடுத்த ஊரும் எந்தப் பாவமும் பண்ணியிருக்கவில்லை. அமிர்தசரஸ் எல்லைக்கு வந்தபோது, கார் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் நிர்வைருக்குள் சளக் சளக் என்று சத்தம் கேட்டது.

"இத உறிஞ்சறதுக்கு உள்ள ஏதாவது வேணும்" என்றார் அஜாயிப் சிங், வைத்தியர் மாதிரி. "குல்ச்சா போட்டா எல்லாத்தையும் இழுத்துக்கும். வயிறு காஞ்ச துணியாட்டம் ஆயிடும்."

புறவழிச் சாலை நேராகப் போனது. கார் மட்டும் வளைந்து ஊருக்குள் போனது. உருளைக்கிழங்கு அடைத்து, தந்தூர் அடுப்பில் சுட்டு, வெண்ணெயில் குளிப்பாட்டிய குல்ச்சா, கூடவே கொண்டைக்கடலை. தலையெழுத்தே என்றுதான் நிர்வைர் முதல் வாய் வைத்தான். அதற்குப் பிறகு ரமணீக், அத்தை, கல்யாணம் எதுவும் கொஞ்ச நேரம் அவன் ஞாபகத்திலேயே இல்லை. இரண்டாவது குல்ச்சா முடிந்து, ஆடை மிதந்த லஸ்ஸியின் அடியைப் பார்த்தபோதுதான் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

"பாபுஜி, என் குடியக் கெடுத்துட்டீங்களே!"

"நான் எங்கடா கெடுத்தேன்? ஏவ்! ஊட்டியா விட்டேன்?"

பட்டாலா வீட்டில் மேஜை கொள்ளாமல் பரப்பி வைத்திருந்தார்கள். பக்கோடா போட்ட மோர்க்குழம்பு, ராஜ்மா, பனீர், கோழி, பாயசம். ரமணீக்கின் அத்தை நசீப் கௌர் கையில் கரண்டியோடு நின்ற நிற்பைப் பார்த்து, அஜாயிப் சிங்கே தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். ரமணீக் கதவோரம் நின்று, 'வெளுத்துக் கட்டு' என்று கண்ணாலேயே சொன்னாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்!

தட்டில் நெய் ரொட்டி விழுந்தது. நிர்வைர் ஒரு துண்டைப் பிய்த்தான். குழம்பில் தோய்த்தான். வாய்க்குக் கொண்டுபோனான். வாய் திறக்கவில்லை. அம்மா மேஜைக்கடியில் காலை மிதித்தாள். அப்போதும் திறக்கவில்லை.

"என்ன தம்பி, உப்பு பத்தலையா?" என்றாள் அத்தை.

"இல்ல அத்தை ஜீ."

"பொண்ணு பிடிக்கலையா?"

"ஐயையோ!" நிர்வைர் எழுந்தே விட்டான். கண்ணில் நீர் முட்டியது. "அவ இல்லாட்டி எனக்கு வாழ்க்கையே இல்ல, அத்தை. ஆனா வயித்துல சத்தியமா இடம் இல்ல. வழி பூரா தின்னுட்டு வந்துட்டேன்."

கதவோரத்தில் ரமணீக் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அப்பா தொண்டையைச் செருமினார். அத்தை கரண்டியை மேஜையில் வைத்தாள்.

"என்ன தின்ன?"

சொன்னான். மீன், சர்பத், கடலை, சர்பத், சர்பத். குல்ச்சாவுக்கு வந்தபோது அத்தை குறுக்கே கேட்டாள்.

"மொறுமொறுன்னு இருந்துச்சா?"

"மேல மொறுமொறு, அத்தை. உள்ள மெத்துனு. மாதுளை விதைப் பொடி போட்டிருந்தான். கையால நசுக்கித் தந்தான், நாலா பக்கமும் வெண்ணெய் வழிஞ்சுது..." மாட்டிக்கொண்டதைக்கூட மறந்து அவன் குரல் குழைந்தது.

அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணு கட்டிக்கிட்டு வரணும்னு தோணலையாடா?"

ரமணீக்கின் அப்பா பதறினார். "அக்கா, நீதான் வெளிச் சாப்பாடே தொட மாட்டியே!"

"யாருடா சொன்னா? என்னிக்காவது கேட்டியா? உங்களுக்கெல்லாம் இது அக்கா கைச் சாப்பாடு. எனக்கு அது வெறும் என் கைச் சாப்பாடு. வருஷக்கணக்கா நானே பிசைஞ்சு, நானே சுட்டு, நானே தின்னு நாக்கு செத்துப் போச்சுடா எனக்கு!"

அதற்கு அஜாயிப் சிங்கிடமிருந்து ஒரு ஏப்பம்தான் பதிலாக வந்தது.

"எல்லாத்தையும் மூடி வை" என்று அத்தை ரமணீக்கிடம் சொன்னாள். அஜாயிப் சிங் பக்கம் திரும்பினாள். "சம்பந்தி மாதிரி உக்காந்திருக்கீரே, எழுந்திரும். கார எடும்."

அமிர்தசரஸுக்குத் திரும்பிய காரில் அத்தை முன்சீட்டில். பின்னால் நிர்வைரும் ரமணீக்கும், நடுவில் மதில் சுவராக பல்பீர் கௌர். ரமணீக்கின் அப்பா தன் காரில் பின்தொடர்ந்தார். முடிவு என்ன என்று கேட்கும் துணிச்சல் ஒருவருக்கும் இல்லை.

கடைக்காரர் குல்ச்சாவை நசுக்கி வைத்தார். அத்தை முதல் வாயை மென்றபடி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோரம் ஈரம் தெரிந்தது. ஒன்று முடிந்தது. இரண்டாவது வந்தது.

"அத்தை, இவர..." என்று ரமணீக் ஆரம்பித்தாள்.

"சாப்பிடறப்போ பேச்சுக் குடுக்காதடி."

இரண்டாவதன் கடைசித் துண்டைக் கொண்டைக்கடலையில் தோய்த்து அத்தை கையை நீட்டினாள். பழக்கதோஷத்தில் அஜாயிப் சிங் வாயைத் திறந்தார். கை அவரைத் தாண்டி நிர்வைரின் உதட்டருகே போய் நின்றது.

சம்பந்தம் முடிவானால் பெரியவர்கள் எல்லார் முன்னாலும் பையன் வாயில் இனிப்பு ஊட்ட வேண்டும். அதன் பிறகு பேச்சு மாறக் கூடாது. நிர்வைருக்கு முதலில் புரியவில்லை. ரமணீக் அழுகையும் சிரிப்புமாக அவன் தோளில் குத்தினாள்.

"இனிப்பு வாங்க மறந்துட்டேன்" என்றாள் அத்தை. "இதுதான் இருக்கு. வாயத் திற, மாப்பிள்ளை."

தொண்டைக்குழி வரை இடமில்லாத நிர்வைர் 'ஆ' என்று திறந்தான்.