கடந்தகாலம் நான்காவது வாரத்தில் வந்தது

டியூட்டி முடிந்ததும் நர்ஸ் நேராகத் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த ஆஸ்பத்திரியில் யாரும் வந்து தொந்தரவு செய்யாத இடம் அது ஒன்றுதான். துவைத்து மடித்த விரிப்புகள் கூரை வரை அடுக்கியிருந்ததால் பேச்சுச் சத்தம் வெளியே போகாது. ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள், எதிர் மூட்டையில் போனைச் சாய்த்து வைத்தாள், ஹெட்போனை மாட்டினாள்.

வெளிநாட்டில் வேலை கிடைக்க வேண்டுமென்றால் அந்த நாட்டு மொழியில் தேர்வு எழுதிப் பாஸாக வேண்டும். அதற்காகத்தான் போன் வழியாக நடக்கும் இந்த ஆறு மாத வகுப்பு. எழுத்து, இலக்கணம், கேட்டுப் புரிந்துகொள்வது எல்லாவற்றிலும் அவள் கெட்டி. பேச்சுப் பயிற்சிக்குத்தான் ஜோடி வேண்டும். முதலில் வாய்த்த ஜோடி பாடத்தின் நடுவே குறட்டை விட்டுத் தூங்கிய ஆள். டீச்சரிடம் சொல்லி மாற்றிக்கொண்டாள். ஒரு தடவைக்கு மேல் மாற்ற மாட்டோம் என்று அப்போதே கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

வகுப்பில் எல்லோருக்கும் புனைபெயர். இவள் பெயர் 'ஊசி'. புது ஜோடியின் பெயர் 'பொறி' என்று திரையில் வந்தது. வீடியோ திறந்தது. பின்னால் கேன்டீன் மேஜைகள், முன்னால் தலையில் வெல்டிங் தொப்பி, புருவத்தில் கரி.

இவளுடைய நாத்தனார்.

"அய்யய்யோ, நீங்களா?" என்றாள் நாத்தனார், பச்சைத் தமிழில்.

உடனே திரையின் மேல் சிவப்புப் பட்டை ஓடியது. தாய்மொழி காதில் விழுந்தால் வகுப்பை நடத்தும் புரோகிராமுக்குப் பொறுக்காது. இருபது நிமிடக் கடிகாரத்தை மறுபடி முதலில் இருந்து ஓடவிடும்.

இருவரும் பேசிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. நர்ஸின் கணவர் ஊர் ஊராகப் போய் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். அவர் வெளியூரில் இருந்த ஒரு நாள், மாமியாருக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. நர்ஸ் தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து சேர்த்தாள். டாக்டர் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்றார். கையெழுத்துப் போட்டாள். ஆபரேஷன் தியேட்டர் கதவு சாத்திய பிறகு நாத்தனார் ஓடிவந்தாள். வராந்தாவில், கூட வேலை செய்கிறவர்கள் அத்தனை பேர் முன்னாலும், "எங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போட நீங்க யாரு?" என்று கேட்டாள். மாமியார் பிழைத்து எழுந்து, இப்போது வீட்டில் எல்லோரையும் அதட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறார். பேச்சு மட்டும் நின்றது நின்றதுதான்.

நாத்தனார் கப்பல் பட்டறையில் வெல்டர். அவளும் அதே நாட்டு வேலைக்குப் படிக்கிறாள் என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒருவர், அதாவது கணவர், எதற்கு வம்பு என்று வாயே திறக்கவில்லை.

திரையில் அன்றைய பயிற்சி வந்தது: ஜோடியின் குடும்பத்தைப் பற்றி ஐந்து கேள்விகள் கேட்கவும்.

போனை மூடிவிடலாமா என்று நர்ஸுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் பத்துப் பயிற்சி முடிக்காமல் தேர்வுக்கு விட மாட்டார்கள். எனக்கென்ன பயம், போனை மூடுவதானால் அவள் மூடட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். படித்த மொழியில் வார்த்தை வார்த்தையாக ஆரம்பித்தாள்.

"உங்களுக்கு அண்ணன் இருக்கிறாரா?"

நாத்தனார் ஒரு கணம் விழித்தாள். "இருக்கிறார். அவர் உங்கள் கணவர்."

"அவர் எப்படிப்பட்டவர்?"

"அவர் பெரியவர். அவர் மெதுவானவர்."

நர்ஸுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

இப்போது நாத்தனாரின் முறை. "உங்கள் வீட்டில் வயதான பெண் இருக்கிறாரா?"

"இருக்கிறார். அவர் நிறையப் பேசுகிறார். அவர் நிறையச் சாப்பிடுகிறார்."

நாத்தனாரின் முகம் சட்டென்று இளகியது. பயிற்சியில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள். "அவர் படிக்கட்டு ஏறுகிறாரா?"

"ஏறுகிறார். நான் கையைப் பிடிக்கிறேன். அவர் கோபப்படுகிறார்."

கடிகாரம் முடிந்து வீடியோ தானாக மூடிக்கொண்டது. அன்று வீட்டுக்குப் போனதும் நர்ஸ் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, உங்க தங்கச்சியும் இதையே படிக்கிறான்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ கிளாஸையே விட்டிருப்பே."

"நான் எதுக்கு விடணும்? வேணும்னா அவ விடட்டும்."

"அதையேதான் அவளும் சொன்னா" என்றார் அவர், தட்டை எடுத்துக்கொண்டு நழுவியபடி.

ஒருத்தியும் விடவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை சந்தித்தார்கள். கடைக்குப் போனார்கள், வழி கேட்டார்கள், டாக்டரிடம் தலைவலி என்றார்கள், எல்லாம் பாடத்துக்குள்தான். நர்ஸ் இலக்கணத்தில் ஒரு பிசகு விடமாட்டாள். நாத்தனாரோ வார்த்தை தெரியாத இடத்தில் கையை ஆட்டி, முகத்தைக் கோணி, எப்படியோ சொல்லி முடித்துவிடுவாள். அந்தத் துணிச்சல் தனக்கு வரவில்லையே என்று நர்ஸுக்கு உள்ளூரப் பொறாமை. நாலாவது பயிற்சியிலிருந்து அவளும் யோசித்து நிற்பதை விட்டாள், தப்பானாலும் பேசிப் பார்த்தாள். புரோகிராம் போடுகிற மார்க் ஏறத் தொடங்கியது.

மூன்று வாரமும் நிகழ்காலம்தான். அதில் சண்டைக்கு வழியே இல்லை. 'நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய், பஸ் வருகிறது' என்பதற்குள் என்ன தகராறு செய்ய முடியும்? கடந்தகாலம் நான்காவது வாரத்தில் வந்தது. வந்த அன்றே பயிற்சி: உங்கள் வாழ்க்கையில் ஒரு மோசமான நாளைப் பற்றிச் சொல்லவும்.

இருவரும் அதைப் படித்தார்கள். கேன்டீனில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

நர்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அம்மாவுக்கு வலி வந்தது. டாக்டர், இப்போது, என்று சொன்னார். நான் என் பெயரை எழுதினேன். நீ வந்தாய். நீ யார் என்று என்னிடம் கேட்டாய். என் நண்பர்கள் பார்த்தார்கள்."

தமிழில் இதைச் சொல்லியிருந்தால் கூடவே நூறு வார்த்தைகள் வந்திருக்கும். எத்தனை வருஷமாக உழைக்கிறேன், உன் அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றெல்லாம். இந்த மொழியில் அதற்கெல்லாம் அவளுக்கு வார்த்தை இல்லை. நடந்தது மட்டும் வெளியே வந்தது.

நாத்தனார் தொப்பியைக் கழற்றினாள். "நான் பயந்தேன். கதவு மூடியிருந்தது. அம்மாவை நான் பார்க்கவில்லை." நிறுத்தி, விரல்விட்டு எண்ணுவது போல ஒவ்வொரு வார்த்தையாகத் தேடினாள். "நீங்கள் எனக்குப் போன் செய்யவில்லை. அண்ணன் போன் செய்தார். ஒரு மணி நேரம் பிந்தியது."

நர்ஸுக்குத் தெரியும், உண்மைதான். கணவரிடம் சொன்னதோடு முடிந்தது என்று நினைத்தாள். டாக்டர் உள்ளே போன பிறகு வராந்தாவில் அவளுக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. ஒரு போன் செய்ய அது தாராளமாகப் போதும். இத்தனை மாதத்தில் இந்தப் பத்து நிமிடத்தை அவள் யாரிடமும், தன்னிடம்கூட, சொல்லிக்கொண்டதில்லை.

"ஆம். நேரம் இருந்தது. நான் செய்யவில்லை. அது என் தவறு" என்றாள்.

நாத்தனார் கண்ணைத் துடைத்ததில் கரி கன்னமெல்லாம் பரவியது. மன்னிப்புக் கேட்க அவர்கள் படித்தது ஒரே ஒரு பாடம், பஸ் பாடம். அதையே எடுத்தாள்.

"மன்னிக்கவும். நான் உங்கள் காலை மிதித்துவிட்டேன்."

நர்ஸுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பாடத்தில் இருந்த பதிலையே அவளும் சொன்னாள். "பரவாயில்லை. பஸ்ஸில் கூட்டம் அதிகம்."

இருவரும் சிரித்த சிரிப்பில், விரிப்பு எடுக்க வந்த ஆயா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சாத்திவிட்டுப் போனார். சிரிப்பு எந்த மொழி என்று புரோகிராமுக்குப் பிடிபடவில்லை போலும், சிவப்புப் பட்டை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார், நர்ஸின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தமிழில் எப்படி ஆரம்பிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. அதனால் வெளிநாட்டு மொழியிலேயே நலம் விசாரித்து, செருப்பை எங்கே விடுவது என்று கேட்டு, உட்காரச் சொல்லி உபசரித்தார்கள். சோபாவில் இருந்த மாமியார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னடி இது? என்னைப் பத்தித்தானே பேசிக்கிறீங்க?"

"ஆமாம்மா, நீ நிறையச் சாப்பிடறேன்னு அண்ணி சொல்றாங்க" என்றாள் மகள்.

"சாப்பிடாம? ஆக்கிப் போட்டா சாப்பிடத்தான் செய்வேன்" என்று மாமியார் எகிறியதில் வீட்டுக்குள் தமிழ் தானாக வந்துவிட்டது. நாத்தனார் நர்ஸின் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். "அண்ணி, அந்த வராந்தாவுக்கு ஒரு நாள் வரட்டுமா? உங்ககூட வேலை பாக்கறவங்க முன்னாடியே சொல்லிடறேன்."

"அதெல்லாம் வேண்டாம். வெங்காயத்தை உரி" என்றாள் நர்ஸ். ஆனாலும் மறுவாரம் நாத்தனார் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வார்டு சூப்பர்வைசர் முன்னால் நின்று, அன்று தான் பேசியது தப்பு என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத்தான் போனாள்.

தேர்வு நாளன்று கண்ணாடித் தடுப்புக்குள் நர்ஸை உட்கார வைத்தார்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றிப் பேசவும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. எழுதித் தயாரித்து மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டாள். தைரியமான, வாய்த்துடுக்கான, முகத்தில் எப்போதும் கரி பூசியிருக்கும் ஒரு வெல்டரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு இடத்தில் இலக்கணம் உதைத்தது. அவள் நிற்கவில்லை. நேரம் முடிந்து மணி அடித்தபோதும் பாதி வாக்கியத்தில் இருந்தாள்.

முடிவு வந்த அன்று போன் அடித்தது.

"அண்ணி, எவ்ளோ?"

"எண்பத்தொண்ணு. உனக்கு?"

"அறுபத்திரெண்டு. அறுபதுதானே வேணும்? ரெண்டு மார்க் வேஸ்ட்டு."

அடுத்த தளத்தில் நோயாளி மணி அடித்தார். "சாயங்காலம் வீட்டுக்கு வா, அப்ளிகேஷனை ஒண்ணா உட்கார்ந்து போடலாம்" என்று சொல்லிவிட்டு, நர்ஸ் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியேறினாள்.