முதலில் போட்டது

இரண்டாவது இசைத்தட்டைப் பாட்டுப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வசந்தாமணி ஒலியளவைக் கொஞ்சம் குறைத்தாள். புதிய தட்டு பழையதைவிடச் சத்தமாகப் பதிவாகியிருந்தது. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால், சத்தமாக இருப்பதையே காது நல்லதென்று நம்பிவிடும். ஒருமுறை இருவருமே அப்படி ஏமாந்திருந்தார்கள்.

அவள் கணவர் வெள்ளியங்கிரி சோபாவில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முதலில் ஓடியது பழைய எஸ்.ஏ.சி.டி. தட்டா, மகள் கிருத்திகா வாங்கி அனுப்பிய புதிய ப்ளூரே தட்டா என்பது அவருக்குத் தெரியாது. தெரியக் கூடாது. இரண்டிலும் இருந்தது ஒரே புல்லாங்குழல் கச்சேரி. பாட்டு முடியும்வரை பேசக் கூடாது என்பது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. எதிரொலி வராமலிருக்கக் கோழிப்பண்ணைக்காரர்களிடம் கேட்டு வாங்கி அவர் பாட்டு அறையின் சுவர் முழுக்க ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைப் பார்த்து மோகனூரே சிரித்திருக்கிறது. அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தவர்கள் யாரும் சிரித்ததில்லை.

தெருவிளக்கு எரிந்த பிறகுதான் கச்சேரி முடிந்தது. வெள்ளியங்கிரி கண்ணைத் திறந்தார்.

“மொதல்ல போட்டதுதான் புள்ள. மிருதங்கத்துல எடது கை அடி இருக்குது பாரு, பாறைக்குள்ள போர் பிட்டு எறங்குற மாதிரி எறங்குது. எது அது?”

முப்பது வருஷம் ரிக் வண்டி ஓட்டியவருக்கு எல்லாத் தாளமும் போர்வெல்தான்.

“பழசுங்க” என்றாள்.

“போச்சா!” என்று நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். புதியதுதான் உசத்தியாக இருக்கும் என்று ஓமலூர் நண்பர் நவநீதகிருஷ்ணனிடம் அன்று காலையில்தான் போனில் அடித்துப் பேசியிருந்தார். வசந்தாமணியும் சிரித்தாள். அந்தக் கை நெஞ்சைவிட்டு இறங்காததைக் கொஞ்சம் கழித்தே கவனித்தாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். வெள்ளியங்கிரியைக் கூடத்தில் கிடத்தினார்கள். அடுத்த தெருவிலிருந்து ஓடிவந்த கொழுந்தன் சென்னிமலை, ஜோசியரிடம் போனில் பேசிவிட்டு வந்து அண்ணியின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“நங்கையா, உசுரு எப்பப் போச்சுங்க?”

“பாட்டு முடிஞ்சு, பேசிட்டு இருக்கறப்ப.”

“ஆறரைக்கு மேலயா?”

“லைட்டெல்லாம் போட்டுட்டாங்க.”

சென்னிமலை தலையைச் சொறிந்தார். “அதுவரைக்கும் திருவோண நட்சத்திரமுங்க. ஆறரைக்கு மேல அவிட்டம். அவிட்டத்துல போனா அடைப்பு வருது. உசுரு போன ரூமை ஆறு மாசம் பூட்டிப் போடோணும். வாசல்ல தெனமும் வெளக்கு வெக்கோணும்.”

அவள் அந்த அறையின் கதவைப் பார்த்தாள்.

“ஒண்ணு செய்யலாமுங்க” என்று குரலைத் தாழ்த்தினார். “பாட்டு நடுவுலயே போயிட்டாருன்னு சொல்லிப்போடுங்க. கண்ணை மூடித்தானே உக்காந்திருந்தாரு? முடிஞ்ச பொறவுதான் தெரிஞ்சுதுன்னா ஆரு கேக்கப் போறாங்க? ரூமும் தப்பிக்கும்.”

காலடியில் உட்கார்ந்திருந்த நாத்தனார் சௌந்திரம் தலையைத் தூக்கினாள். “அதெப்படிடா? பொணத்தோட உக்காந்து பாட்டுக் கேட்டாள்னு ஊரு பேசாதா?”

“ஊரு பேசுனாப் பேசுது. ஆறு மாசம் அவங்க எங்க போவாங்க?”

பெங்களூரிலிருந்து காரில் வந்துகொண்டிருந்த கிருத்திகாவிடமும் சென்னிமலையே இதைப் போனில் சொல்லிவிட்டார். அவள் அழுகைக்கு நடுவே அம்மாவைக் கூப்பிடச் சொன்னாள்.

“அம்மா, சித்தப்பா சொல்ற மாதிரியே சொல்லிருங்கம்மா. அந்த ரூமு இல்லாம சாயங்காலத்துல என்ன பண்ணுவீங்க? ஊர் பேச்சு நமக்கென்ன?”

“ஊர் பேச்சுக்கில்ல சாமி.”

“பின்ன?”

“நடுவுலயே போயிட்டாருன்னா, மொதல்ல போட்டதுதான் நல்லாருக்குதுன்னு சொன்னது ஆரு?”

வசந்தாமணி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“கடைசிவரைக்கும் முழுசாக் கேட்டாரு. கேட்டுட்டுச் சொன்னாரு. சிரிச்சாரு. அதை இல்லீன்னு என்னால சொல்ல முடியாது. நீ பதறாம வா.”

போனைக் கொழுந்தனிடம் திருப்பிக் கொடுத்தாள். “அவிட்டந்தாங்க. சாவிக்கொத்து சமையல்கட்டு ஆணியில தொங்குது. நீங்களே பூட்டிருங்க.”

சென்னிமலை எழுந்துபோய்ச் சாவிக்கொத்தை எடுத்தார். பூட்டு விழும் சத்தம் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. சௌந்திரம் நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் நவநீதகிருஷ்ணன் ஓமலூரிலிருந்து வந்தார். வசந்தாமணி பூட்டிய கதவின் முன்னால் அகலுக்கு நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூரமாகவே நின்றார்.

“கேக்கக் கூடாதுதானுங்க. அன்னைக்கு ரெண்டையும் போட்டுப் பாத்தீங்களாமே?”

“பாத்தோமுங்க. பழசுதான்னாரு.”

“பழசா?” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “காத்தால எங்கிட்ட அந்தச் சண்டை போட்டாரு! நானும் அந்தப் புதுத் தட்டுக்குக் கடையில சொல்லி வெச்சிருக்கறனுங்க. உங்க புதுசு இருந்தாக் குடுங்க, ஒருக்காக் கேட்டுப்போட்டுத் தந்தர்றேன்.”

“அது பாட்டுப் பெட்டிக்குள்ளயே இருக்குதுங்க. எடுக்கறதுக்குள்ளதான்…” கதவைக் காட்டினாள். “ஆவணியில வாங்க.”

“வேண்டாமுங்க. அவரே பழசுன்னு சொன்ன பொறவு எனக்கெதுக்கு? கடைக்கு வேண்டாம்னு போன் பண்ணிர்றேன்.”

வசந்தாமணி திரியை விரலால் மேலே இழுத்துவிட்டாள்.

“வாங்கிப்போடுங்க” என்றாள். “என்ற காதுக்குப் புதுசுதான் நல்லாருக்குது.”