பதினாலரை அங்குலம்

தையற்காரர் வீட்டில் அதிகார வரிசை ஒன்று இருந்தது. முதலில் மகாராணி. அடுத்து மகாராணிக்குச் சேவகம் செய்யும் அவருடைய மனைவி. மூன்றாவது இடம் காலி. நான்காவது இடத்தில் தான் இருப்பதாகத் தையற்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். அதை யாரும் உறுதி செய்யவில்லை.

மகாராணி என்பது மூன்று கிலோ எடையுள்ள ஒரு பொமரேனியன். மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தபோது, "ரெண்டே வாரம்ப்பா, வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று சொல்லி விட்டுப் போன ஜீவன். அந்த இரண்டு வாரம் தொடங்கி இப்போது இரண்டரை வருடம் ஆகிறது. மகள் வைத்த பெயர் அவர் வாயில் நுழையவில்லை. அது நடந்துகொண்ட விதத்தைப் பார்த்துக் கிண்டலாக மகாராணி என்று கூப்பிட்டார். இப்போதாவது சரியாகக் கூப்பிடத் தோன்றியதே என்பது போல அதுவும் திரும்பிப் பார்த்தது.

காலையில் அதற்கு இரண்டு சீப்பு. அடிமுடிக்கு ஒன்று, மேல்முடிக்கு ஒன்று. கண்ணோரம் துடைக்க வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சு தனி. இதெல்லாம் முடிந்த பிறகுதான் அந்த வீட்டில் மனிதர்களுக்குத் தேநீர்.

"கல்யாணமாகி முப்பது வருஷத்துல என் தலைய ஒரு நாள் வாரி விட்டிருக்கியா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டார்.

"வாரறதுக்கு அங்க என்ன இருக்கு?" என்றாள் மனைவி, சீப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போன மழைக்காலத்தின் நடுவில் உத்தரவு வந்தது. மகாராணி நனைகிறது, அதற்கு ஒரு மழைக்கோட்டு வேண்டும். வீட்டுக்குக் கீழேயே கடை. சுற்றியுள்ள நான்கு தெருவுக்கும் கால்சட்டை தைப்பவர். நாய்க்குத் தைப்பதா என்று முறுக்கிக்கொண்டாலும், அளவு நாடாவை எடுத்தால் அவர் வேறு ஆள். முடியை விரலால் விலக்கி, நாடாவைத் தோலோடு ஒட்டிப் பிடித்தார்.

"மேலோட்டமா அளந்தா கோட்டு முடிக்குத்தான் பொருந்தும், நாய்க்குப் பொருந்தாது" என்று மனைவிக்குப் பாடம் வேறு எடுத்தார்.

அளவுப் புத்தகத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கும் ஒரு பஸ் டிரைவருக்கும் நடுவில் எழுதினார். மகாராணி, மார்பு பதினாலரை, நீளம் ஒன்பது. தேதிக் கட்டத்தில் அடுத்த வெள்ளி. அந்தக் கட்டத்தில் அவர் எழுதும் தேதியை அவர் உட்பட யாரும் நம்புவதில்லை. வெள்ளிக்கிழமை மனைவி கேட்டாள். "அடுத்த வாரம்" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். மழை நின்று வெயில் வந்தது, வெயிலும் போனது. கட்டிய மனைவிக்கும் வாடிக்கையாளருக்கும் அவர் வித்தியாசம் பார்ப்பதில்லை.

இதற்கிடையில் மகாராணியின் நாக்கு ருசி பார்க்க ஆரம்பித்துவிட்டது. பாக்கெட் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. மனைவி வேறு கம்பெனி மாற்றினாள். அதையும் ஒதுக்கியது. இன்னொன்று மாற்றினாள். ஒரு உருண்டையை எடுக்கும், தலையை வலது பக்கம் சாய்த்து மெல்லும், பாதியில் துப்பும்.

"திமிர். பட்டினி போட்டா கல்லையும் தின்னும்" என்றார் தையற்காரர், ரொட்டியைத் தேநீரில் முக்கிக்கொண்டே. சில மாதங்களாக அவர் எதையும் முக்கித்தான் சாப்பிட்டார். கேட்டால், இப்படித்தான் ருசி என்பார். இடது கீழ்க் கடைவாய்ப் பல் அவரை வாட்டி எடுப்பது அவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். பல் டாக்டர் என்றால் அவருக்கு உள்ளூர நடுக்கம். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் கருவியைக் கண்டு பயப்படுவதா என்ற வெட்கத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுபடி மழை பிடித்தபோது கோட்டு ஒருவழியாகத் தயாரானது. நீல நிறம், உள்ளே துணி, அடிவயிற்றில் கொக்கி. மனைவி ஆசையாகப் போட்டுவிட்டாள். மகாராணி நான்கு அடி வைத்தது. கோட்டு சுழன்று வயிற்றுக்கு அடியில் போய்த் தொங்கியது. ஐந்தாவது அடியில் அது கோட்டை மிதித்துக் குப்புற விழுந்தது.

"அளவு தப்பா எடுத்திருக்கீங்க" என்றாள் மனைவி.

அவர் தாடியைக் கிண்டல் செய்யலாம், வழுக்கையைக் கிண்டல் செய்யலாம். அளவைச் சொல்லக்கூடாது. அவருக்குக் காது சிவந்தது.

"நானா? முப்பத்தொரு வருஷத்துல ஒருத்தன் சொன்னதில்ல!"

"சொல்ல பயந்திருப்பாங்க. கண்ணு போயிடுச்சுன்னா ஒத்துக்கங்க."

தடதடவென்று கீழே இறங்கிப் புத்தகத்தையும் நாடாவையும் எடுத்து வந்தார். மகாராணியைச் சாப்பாட்டு மேஜை மேல் ஏற்றினார். வேறு நாளாயிருந்தால் மனைவி அதற்கே சண்டைக்கு வந்திருப்பாள். முடியை விலக்கி, நாடாவைத் தோலோடு ஒட்டிப் பிடித்தார். பன்னிரண்டரை. இன்னொரு முறை எடுத்தார். அதே பன்னிரண்டரை.

"பார்த்தியா!" என்று கூவினார். "புத்தகத்துல என்ன இருக்கு? பதினாலரை. இப்ப என்ன இருக்கு? பன்னண்டரை. என் அளவு சரி. உன் நாய்தான் தப்பு!"

வெற்றிக் களிப்பு முகத்தில் அப்படியே இருக்கும்போதே, தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. நாடா கையில் தொங்கியது. எதிரே மகாராணி எப்போதும் போல உருண்டையாக, பஞ்சு மூட்டையாக நின்றுகொண்டிருந்தது. மனைவி மெதுவாக அதன் முதுகு முடிக்குள் கையை விட்டாள். முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக விரலில் தட்டுப்பட்டது. தினமும் இரண்டு சீப்பால் வாரிய உடம்பு. முடி அழகாக நிமிர்ந்து நின்றதில் உள்ளே நாய் கரைந்துகொண்டிருந்தது தெரியாமல் போயிற்று.

"ஐயோ" என்றாள்.

நாய் டாக்டர் இளம் பெண். மகாராணியின் மேலுதட்டைத் தூக்கியதுமே நாற்றம் குப்பென்று வந்தது.

"இந்தச் சின்ன வாய்ல நாப்பத்திரண்டு பல் நெருக்கிட்டு நிக்கணும்மா. இந்த ஜாதிக்கு இது பெரிய தொல்லை. ஈறு பழுத்திருக்கு. சாப்பிடறப்ப ஒரு பக்கமா மெல்லுதா?"

மனைவி விழித்தாள். தையற்காரர் தொண்டையைச் செருமினார்.

"மெல்லும். வலது பக்கமா. ரெண்டு மாசம் இருக்கும்."

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க?" என்று மனைவி திரும்பினாள்.

"திமிர்னு நெனச்சேன்."

வலி எப்படி இருக்கும், எந்தப் பக்கம் சாய்த்தால் குறையும், எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் அவர்தான். தெரிந்துகொண்டே கல்லைத் தின்னச் சொல்லியிருக்கிறார்.

மயக்க மருந்து கொடுத்துப் பல்லை எடுக்க வேண்டும், இவ்வளவு மெலிந்த உடம்பு தாங்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இரண்டு மணி நேரம் தையற்காரர் வெளியே பெஞ்சில், நீலக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் சொன்ன வெள்ளிக்கிழமையே இதைத் தைத்திருந்தால் மாதக்கணக்கில் மாட்டிக் கழற்றியிருப்போம், தளர ஆரம்பித்ததுமே தெரிந்திருக்கும். உள்ளே மயங்கிக் கிடந்த மகாராணியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டார். அழுகை வந்தது, மழைக்கோட்டில் துடைத்துக்கொண்டார். தண்ணீர் உறிஞ்சாத துணி என்பதால் அது பெரிதாக உதவவில்லை.

ஏழு பல் போனது. மகாராணி பிழைத்தது. மூன்றாம் நாள், மசித்த கோழியைக் கிண்ணம் தேயத் தேய நக்கிவிட்டு, இன்னும் எங்கே என்று அவரைப் பார்த்துக் குரைத்தது. அதிகாரம் மீண்டதில் அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சியில் கவனம் பிசகி, அவரும் ரொட்டியைத் தேநீரில் முக்கி, தலையை வலது பக்கம் சாய்த்து மென்றார். மனைவி கிண்ணத்திலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். மறுபடி நாயைப் பார்த்தாள். எழுந்து அளவு நாடாவையும் புத்தகத்தையும் எடுத்து வந்தாள்.

"எந்திரிங்க. கையத் தூக்குங்க."

"எதுக்கு? என் பேன்ட் கச்சிதமாத்தானே இருக்கு!"

"அதான் எனக்கும் சந்தேகம்."

இடுப்புப் பட்டியைப் பின்பக்கம் வெளியே திருப்பினாள். நடுத் தையலில் இரண்டு முறை பிரித்து உள்ளே பிடித்த துணி மூன்று விரல் அகலத்துக்கு மடிந்து கிடந்தது. மெலிய மெலிய அவரே தனக்குப் பிடித்துத் தைத்துக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சுருக்கம் கிடையாது, அப்படி ஒரு வேலைப்பாடு.

"எந்தப் பல்லு?"

அவர் விரலால் இடது தாடையைத் தொட்டுக் காட்டினார். மனைவியின் கண் நிறைந்துவிட்டது. குரல் மட்டும் பழைய குரலாகவே இருந்தது.

"நாளைக்கே போறோம்."

"அடுத்த வாரம் பாக்கலாமே."

"அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்லித்தான் அதுக்கு ரெண்டு அங்குலம் போச்சு."

அளவுப் புத்தகத்தைத் திறந்தாள். மகாராணிக்கும் பஸ் டிரைவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அவர் பெயரை எழுதவில்லை, 'இவர்' என்று மட்டும் எழுதினாள். இடுப்பு முப்பது. தேதிக் கட்டத்தில், நாளை காலை பத்து மணி.

முப்பத்தொரு வருடத்தில் அந்தப் புத்தகத்தில் சொன்ன தேதியில் நடந்த முதல் வேலை அதுதான்.