சனிக்கிழமைகளில் என் வீடு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் வீட்டு முன்னறையில் நடந்ததால் என் தலையில் விழுந்தது. மேல்மாடியில் குடியிருக்கும் கெசியாவும் அவளைப் பிரிந்த கணவன் யேசுராஜும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. சனிக்கிழமை காலையில் கெசியா மகள் எஸ்லினை என்னிடம் விட்டுவிட்டு மேலே போய்விடுவாள். சற்றுப் பொறுத்து பர்கூரிலிருந்து யேசுராஜ் வந்து அழைத்துப்போவான். மாலையில் இதே ஏற்பாடு தலைகீழாக. ஓசூரில் தனியாக இருந்து கதை எழுதும் ஒருத்திக்கு இதைவிட...

[இந்த வாக்கியம் எங்கும் போகவில்லை. விட்டுவிடுகிறேன்.]

2

முதல் வரைவில் யேசுராஜைக் கெட்டவனாக எழுதினேன். வசதியாக இருந்தது. கெசியாவின் கம்பெனி அவள் வேலை பார்க்கும் பிரிவைத் தும்கூருக்கு மாற்றியது. போகாவிட்டால் வேலை இல்லை. மகளையும் கூட்டிப்போக கோர்ட்டில் அனுமதி கேட்டாள். உடனே அவன் குழந்தைக்குக் கட்டிவந்த மாதப் பணத்தை நிறுத்தினான்.

"கண்ணுல பாக்க முடியாத புள்ளைக்கு நான் எதுக்குக்கா பணம் கட்டணும்?"

"நீ பாத்தாத்தான் அதுக்குப் பசிக்குமா?" என்றேன்.

கிரானைட் பட்டறையில் பாலிஷ் போடுகிறவன். நகக்கண்ணெல்லாம் வெள்ளைத் தூள். எஸ்லினின் அவிழ்ந்த சடையைக் கையில் பிடித்தபடி, ரப்பர் பேண்டை வாயில் கவ்விக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பிறகு சொன்னான்: "அவ்ளோ தூரம் போயிட்டு லீவுக்கு மட்டும் வந்தா, புள்ள விருந்தாளியாட்டம் ஒக்காரும்கா."

அங்கேதான் என் கெட்டவன் கெட்டுப்போனான்.

[அப்படியானால் கெசியா நல்லவளா? அவளிடமே கேட்டேன். "அசதியா இருக்குதுக்கா. நல்லவளா இருக்கவெல்லாம் தெம்பில்ல" என்றாள்.]

3

நீதிபதி எஸ்லினைத் தனியே அழைத்து, அம்மாவா அப்பாவா என்று கேட்டார். ஒன்பது வயதுக் குழந்தை சொன்னது: "கீழ் வூட்டு ஆன்ட்டிகிட்ட இருக்கேன். அங்க யாரும் சண்ட போட மாட்டாங்க."

இதைப் பெற்றோரிடம் அவரே சொல்லியிருக்கிறார். துணைக்குப் போன நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கெசியா வேகமாக வந்தாள்.

"அக்கா, நீங்க ஏதாச்சும் சொல்லிக் குடுத்தீங்களா?"

"சத்தியமா இல்ல கெசியா."

பின்னால் வந்த யேசுராஜும் அதே கேள்வியோடுதான் பார்த்தான். பல மாதங்களுக்குப் பிறகு இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள், எனக்கு எதிரே.

4

தீர்ப்பு வந்தது. மகள் தாயோடு தும்கூர் போகலாம். பள்ளி விடுமுறைகள் தகப்பனோடு. அவன் பாக்கியோடு பணம் கட்ட வேண்டும்.

முடிவு ஒன்று: அவன் ஒழுங்காகக் கட்டுகிறான், விடுமுறைகளில் எஸ்லின் வருகிறாள்.

முடிவு இரண்டு: அவன் மறுபடி நிறுத்துகிறான், கெசியா மறுபடி...

[இரண்டும் நடக்கக்கூடியவை. மறுபடி கோர்ட் படி ஏற எனக்கே அலுப்பாக இருக்கிறது.]

நடந்தது இதுதான். வேனில் சாமான் ஏற்றிய பிறகு எஸ்லின் மட்டும் இறங்கி உள்ளே வந்தாள்.

"ஆன்ட்டி, நான் கோர்ட்ல அப்படிச் சொன்னேன்ல. என்னை வெச்சுக்க உங்களுக்கு ஆசையா இருந்துச்சா, இல்லியா?"

நான் சொன்ன பதிலை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன். வெளியே டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். என் நாற்காலியில் உங்களை உட்காரவைத்துவிட்டு நான் எழுந்துகொள்கிறேன்.

சொல்லுங்கள். உங்களைத்தான் கேட்கிறாள்.