ஐந்தாவது கட்டம்

ஒப்புதலுக்காக மேசை மேசையாகப் போகும் சுற்றுத் தாள் நிஷினா ரிட்சுகோவின் மேசைக்கு வந்தபோது அதில் கையெழுத்துக்குப் பதிலாக நான்கு பேரின் பெயர் முத்திரைகள் ஏற்கெனவே குத்தப்பட்டிருந்தன. நான்கும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. இடது ஓரத்தில் நிர்வாக இயக்குநர் மகாபேயின் கட்டம். கீழே இருப்பவர்களின் முத்திரை அவரைப் பார்த்துக் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும் என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். பிரிவுத் தலைவர் குரோய்வாவின் முத்திரை குனியவில்லை, படுத்தே விட்டது.

ஐந்தாவது கட்டம் ரிட்சுகோவுடையது. அது நிரம்பாமல் தாள் இயக்குநரிடம் போகாது.

அந்தக் கம்பெனி ஒனிகிரிக்கு உறை செய்கிறது. இரவு பகல் திறந்திருக்கும் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் முக்கோணச் சோறுதான். உள்ளே உப்பு ஊறிய பிளம்மோ சால்மன் மீனோ, வெளியே கடற்பாசித் தாள். ரிட்சுகோவின் வேலை உறையைத் திறந்து பார்ப்பது. ஒரு நாளைக்கு இருநூறு, பத்தொன்பது வருடமாக. "உங்க பொண்டாட்டிக்கு என்ன வேலை?" என்று யாராவது கேட்டால் அவள் கணவன் டெட்சுஜி, "திங்க மாட்டா, பிரிச்சுப் பிரிச்சுப் போடுவா. அதுக்குச் சம்பளம்" என்பான். அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு உறையை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்துப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சோற்றின் ஈரம் பட்டால் கடற்பாசி நமுத்துப்போகும். அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு படலம். சாப்பிடும் நேரத்தில் அந்தப் படலம் நடுவிலிருந்து காணாமல் போக வேண்டும், ஆனால் கை சோற்றில் படக் கூடாது. இந்தச் சிக்கலை யாரோ உட்கார்ந்து யோசித்து, மூன்று இழுப்பில் முடித்திருக்கிறார்கள். ஒன்று, நடுவில் ஓடும் சிவப்பு நாடாவை மேலிருந்து கீழே, முதுகுவரை. இரண்டு, வலது மூலை. மூன்று, இடது மூலை. இரண்டு பக்கமும் உறை உருவிக்கொண்டு வரும். கடற்பாசி மொறுமொறுவென்று தானே போய்ச் சோற்றைத் தழுவிக்கொள்ளும். மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருக்கிறது. அவ்வளவுதான் பாடம். எழுதப் படிக்கத் தெரியாதவனும் ராஜா மாதிரிச் சாப்பிடலாம்.

"குப்பையை வெச்சுக்கிட்டு ஜபம் பண்றியா?" என்றான் டெட்சுஜி.

"நீ டிப்போல நாலு நிமிஷத்துல கை கழுவாம சாப்பிட்டுட்டு வண்டிய எடுக்குறல்ல? இது இல்லன்னா ஸ்டீயரிங் முழுக்கச் சோறுதான்."

அவன் அதற்குப் பிறகும் கேலி செய்தான், ஆனால் கொஞ்சம் மரியாதையோடு.

பழைய பீங்கான் பூக்கிண்ணத்தை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டால் ஊரே வரிசையில் நின்று வாயைப் பிளக்கிறது. முப்பது விநாடி மட்டும் வாழ்ந்து குப்பைக்குப் போகிற ஒரு பொருளில் இத்தனை அழகை வைத்தவனுக்கு ஒரு கும்பிடு கிடையாது. இதை நினைத்தாலே ரிட்சுகோவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது வந்திருக்கும் தாள் சொல்வது இதுதான்: நடுநாடாவை எடுத்துவிடலாம். விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டால் போதும், அங்கிருந்து கிழித்துக்கொள்வார்கள். பிளாஸ்டிக் மிச்சம், நேரம் மிச்சம், வாங்கும் கடைக்காரர்களுக்கும் திருப்தி. புதிய உறைக்குச் 'சுலபம்' என்று பெயர் வேறு வைத்திருந்தார்கள். ரிட்சுகோ அந்தச் சுலபத்தில் இருநூறைத் திறந்து பார்த்தாள். நூற்று அறுபத்திரண்டில் கிழிசல் கோணிக்கொண்டு ஓடி, கடற்பாசி உறையோடு போய்விட்டது. கையில் வெறும் சோறு.

அதை எழுதிக் கொடுத்தாள். பதில் இல்லை. முத்திரை குத்தாமல் தாளை மூன்று நாள் வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் குரோய்வா ஒரு கோப்பைப் பார்லித் தேநீரோடு வந்து அவள் மேசை ஓரம் நின்றார். மனிதர் நல்லவர்தான். முதுகெலும்பு மட்டும் மேலதிகாரியைக் கண்டால் நூலாகிவிடும்.

"நிஷினா-சான், எதுக்கு வம்பு? தலைகீழாக் குத்திடுங்க."

தலைகீழ் முத்திரை அங்கே பழைய தந்திரம். எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனாலும் தடுக்கவில்லை என்று அர்த்தம். எல்லாருக்கும் புரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள், காரியம் நடந்துவிடும்.

"தலைகீழாக் குத்துனா தாள் நிக்குமா?"

"நிக்காது. ஆனா உங்க மனசு என்னன்னு தெரியும்ல?"

"என் மனசு தெரிஞ்சு யாருக்கு என்ன புண்ணியம்? தலைகீழா நின்னு தலையாட்டுனாலும் அது தலையாட்டுறதுதான், குரோய்வா-சான்."

"உங்களக் கிடங்குக்கு மாத்திடுவாங்க. அட்டைப்பெட்டி அடுக்கணும்."

"அது எனக்கும் தெரியும்."

தெரியும் என்று சொல்லிவிட்டாள். ஐம்பத்து மூன்று வயதில் குளிர் உறைந்த கிடங்கில் பெட்டி தூக்குவது விளையாட்டா? உறை திறக்கும் வேலை அவளுக்குப் பிடிக்கும். அந்தச் சிவப்பு நாடா விரலில் சர்ரென்று ஓடும் சுகம் அவளுக்கு இன்னும் சலிக்கவில்லை.

மறுநாள் மதியம் இயக்குநர் மகாபே கூட்டம் போட்டார். முத்திரை குத்திய நான்கு பேர், அவர், ரிட்சுகோ. பரிசோதனைக்காரி என்ற முறையில் மாதிரிகளைக் கொண்டுவருவது அவள் பொறுப்பு. வலப்பக்கத் தட்டில் 'சுலபம்', இடப்பக்கத் தட்டில் பழையது. பன்னிரண்டு மணி அடித்துவிட்டது, எல்லாருக்கும் பசி.

"முதல்ல புதுசச் சாப்பிட்டுப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்று ஆளுக்கொன்று வைத்தாள்.

மகாபே விளிம்பு வெட்டைப் பிடித்துக் கிழித்தார். கிழிசல் நேராக ஒரு விரல்கடை போய், மனம் மாறி, பக்கவாட்டில் திரும்பியது. அவர் இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். கடற்பாசி முழுவதும் உறைக்குள்ளேயே தங்கிவிட, வெள்ளைச் சோறு அம்மணமாக அவர் உள்ளங்கையில் விழுந்தது. நான்கு பருக்கை கோட்டின் கைமடிப்பில் ஒட்டிக்கொண்டன.

மகாபே முகத்தில் ஒரு சுருக்கமும் காட்டாமல் வெறும் சோற்றைத் தின்றார். பிறகு உறைக்குள் விரலை விட்டு, கிழிந்த கடற்பாசியைத் துண்டு துண்டாகச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டார்.

"தனித்தனியாச் சாப்பிட்டா அதுவும் ஒரு ருசிதான்" என்றார்.

உடனே மற்ற நான்கு பேரும் சுரண்ட ஆரம்பித்தார்கள்.

"ஆமா சார், கடற்பாசி வாசனை தனியாத் தெரியுது."

"இது ஒரு புது அனுபவம் சார். விளம்பரத்துல போடலாம்."

அந்த நால்வரில் ஒருவரான கொள்முதல் பிரிவுக்காரருக்கு நகத்துக்குள் கடற்பாசி போய்விட்டது. அதையும் ருசித்தார். ரிட்சுகோவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. வெட்கம் கெட்டவர்களே, உங்கள் நாக்குகூடவா சம்பளத்துக்கு வேலை செய்கிறது!

அவள் இடப்பக்கத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். சிவப்பு நாடாவை இழுத்தாள். வலது மூலை. இடது மூலை. ஐந்து விநாடி ஆகியிருக்காது. மேலதிகாரி சாப்பிடச் சொல்லாமல், அவர் எதிரிலேயே, நின்றுகொண்டே கடித்தாள். கடற்பாசி உடையும் சத்தம் அந்த அறையில் நன்றாகக் கேட்டது. நிதானமாக மென்றாள். கடைசிப் பருக்கைவரை தின்றாள். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

மகாபே தாளை அவள் பக்கம் தள்ளினார். "போதும், நிஷினா-சான். குத்துங்க."

"மாட்டேன் சார்."

"சரி, உங்க வருத்தம் புரியுது. தலைகீழாவே குத்துங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"நேராவும் குத்த மாட்டேன், தலைகீழாவும் குத்த மாட்டேன். இத யோசிச்சவன் பேருகூட யாருக்கும் தெரியாது. கை அழுக்கா இருக்குறவன், அவசரத்துல ஓடுறவன், இருட்டுல உக்காந்து திங்கிறவன், எல்லாரையும் மனசுல வெச்சு யோசிச்சிருக்கான். நாம இங்க ஏசி ரூம்ல உக்காந்து அதக் கெடுக்குறோம். கெடுக்குறதுக்கு என் முத்திரை கெடையாது."

"அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க கிடங்குக்குப் போகலாம்."

"போறேன் சார். அதுவரைக்கும் இந்தக் கட்டம் என்னோடது. காலியாத்தான் இருக்கும்."

"உங்க எடத்துக்கு வர்றவர் குத்துவாரு."

உண்மைதானே. அவள் நாற்காலியில் அடுத்த மாதமே இன்னொருவர் உட்காருவார், குனிந்து ஒரு குத்து, கதை முடிந்தது. அவள் முத்திரையை எடுக்காமல் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

அப்போது குரோய்வா எழுந்தார். மேசைக்குக் குறுக்கே கையை நீட்டித் தாளைத் தன் பக்கம் இழுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அளவுகோலை வைத்து, தன் முத்திரைமேல் இரண்டு கோடு போட்டு அதை ரத்து செய்தார். நேர்த்தியான மனிதர், அலுவலக விதிப்படி, அடித்ததற்குச் சாட்சியாக ஓரத்தில் சின்ன முத்திரை ஒன்றையும் குத்தி, மை காய ஊதினார்.

"குரோய்வா, என்ன பண்றீங்க?" என்றார் மகாபே.

குரோய்வாவின் முகம் வெளிறியிருந்தது.

"மன்னிக்கணும் சார். எனக்கு நெஜமாவே பசிக்குது." ரிட்சுகோ பக்கம் திரும்பினார். "நிஷினா-சான், பழசுல ஒண்ணு குடுங்க."

அவள் இடப்பக்கத் தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் சால்மன் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, நாடாவின் நுனியைத் தேடி இழுத்தார். மற்ற மூன்று பேரும் நகத்தில் கடற்பாசியோடு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் இன்னும் நான்கு இருந்தன.