கோடு போடாமல் மாறியது

குற்றாலத்தில் சீசன். சாரலில் நனைந்தபடி லாட்ஜ் வாசலில் ஐந்து குடும்பங்கள் நின்றன. அறை பதிவு செய்தவர்கள்தான். கம்ப்யூட்டரில் பெயர் இல்லை. முந்தின நாள் மாலையே பதிவுகள் மொத்தமும் அழிந்திருந்தன.

அந்த நேரத்தில் திறந்திருந்தது, முன் மேசையில் பதிவு எழுதும் நாசரின் லாகின். லாட்ஜை நடத்தும் சங்கரபாண்டி அதைக் காட்டி, இன்றோடு வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்னார். நாசர் ஆணியில் தொங்கிய பையை எடுத்தான்.

சங்கரபாண்டியின் அண்ணன் பால்வண்ணநாதன் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். டெலிபோன் இலாகாவில் முப்பது வருஷம் இருந்தவர். இங்கே கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. நேற்று நாசரின் இருக்கையில் உட்கார்ந்து, அவன் லாகினிலிருந்தே தன் கணக்குக்கு மாறி, சோதனைப் பதிவுகள் என்று நினைத்து அழித்தவர் அவர்தான். மாறும் கட்டளைக்குப் பின்னால் ஒரு சிறு கோடு போடவேண்டும் என்று நாசர் சொல்லத்தான் செய்தான். "எனக்கே சொல்லித்தாரியோலே?" என்று இவர் கேட்டதும் நகர்ந்துகொண்டான்.

எந்த இடத்தை அழிப்பது என்று ஒவ்வொரு லாகினும் 'மாறி' (variable) என்ற ஒரு குறிப்பில் எழுதி வைத்திருக்கும். இப்போது அவர் நாசரின் லாகினிலிருந்து கோடு போடாமல் தன் கணக்குக்குப் போய், அந்த மாறியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். திரையில் அவர் பெயர். மாறியிலோ நாசர் குறித்திருந்த இடம், உண்மையான பதிவுகள். அந்தக் கணக்கிலிருந்து வெளியேறி, கோடு போட்டு மாறினார். சோதனைப் பதிவுகளின் இடம் வந்தது. தலையில் எண்ணெயோடு யாரும் அறைக்குள் வரக்கூடாது என்று வாசலில் பலகை எழுதி மாட்டியவர் அவர்; அவரே நாசரின் குறிப்பைச் சுமந்தபடி தன் கணக்குக்குள் போயிருந்தார்.

எழுந்து முன்னால் போனார்.

"அழிச்சது நான். இவன் சொன்னான், நான் கேக்கல."

சங்கரபாண்டி குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, உள்ள வச்சுப் பேசுவோம். ஆளுக நிக்காங்க. நம்ம வீட்டுப் பேரு என்னாவது?"

"நிக்கட்டும். செஞ்ச தப்ப வேலைக்காரன் தலையில கட்டுன வீடுன்னு பேரு வேண்டாம்."

வந்தவர்களின் பெயரை ஒரு நோட்டில் பால்வண்ணநாதனே எழுதத் தொடங்கினார். நாலாவது பெயரை எழுதும்போது, பின்னால் நாசர் பையை ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.