கடைசியாகச் சேமித்தவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. எதிர் மேஜையில் நடந்ததைக் காது கொடுத்துக் கேட்டு எழுதுகிறேன். கட்டட வரைபடம் போடும் இரண்டு பெண்களின் ஆபீஸில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வேறொரு கதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அப்போதுதான், "என் படிக்கட்டு எங்க?" என்ற குரல் கேட்டது. கப்பல் கிடக்கட்டும் என்று இதற்குத் தாவிவிட்டேன். கை பரபரக்கிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

"மழை பெய்யலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்த மதிய வேளையில், இரு பெண்களின் வாழ்வில் ஒரு—"

வேண்டாம். வானத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

2 (திரும்பவும்)

முந்திரியிலிருந்து தொடங்குகிறேன். எதிலும் முந்திரிக்கொட்டையாக முந்திக்கொள்கிறாள் என்று அவளுடைய அண்ணன் வைத்த பெயர். இந்த ஆபீஸைத் தொடங்கியவள் அவள்தான். அண்ணன் மனைவி, அதாவது அண்ணி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வந்து சேர்ந்தாள். இருவரும் படித்தது ஒரே படிப்பு. ஆனால் பெயர் சொல்லும்படியான வரைபடமெல்லாம் முந்திரி போட்டது. கழிப்பறை, வடிகால், கதவுக் கைப்பிடி எல்லாம் அண்ணி தலையில் விழும்.

இப்போது குழந்தைகள் நூலகம் ஒன்றுக்குப் போட்டி. இன்று ஐந்து மணிக்குள் வரைபடத்தை அனுப்ப வேண்டும். முந்திரி வெளியூர் வேலைக்குக் கிளம்பியபோது, வாசல் படிக்கட்டில் உயிரே இல்லை, மாற்றிப் பார்க்கட்டுமா என்று அண்ணி கேட்டிருக்கிறாள். நன்றாகத்தானே இருக்கிறது, விடுங்கள் என்றிருக்கிறாள் முந்திரி. அண்ணி விடவில்லை. முந்திரி திரும்புவதற்குள் படிக்கட்டை அடியோடு மாற்றிவிட்டாள். வந்ததும் காட்டி அசத்த வேண்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

3

ஒரு சின்ன விளக்கம். சட்டென்று முடித்துவிடுகிறேன்.

ஆளுக்கு ஒரு லேப்டாப், மேஜைக்கு அடியில் ஒரு சர்வர். யார் எதைச் சேமித்தாலும் அது சர்வருக்குப் போகும், அங்கிருந்து அடுத்தவர் லேப்டாப்புக்கும் வந்துவிடும். லேப்டாப் வெளியே போயிருந்தால், ஆபீஸுக்குத் திரும்பி வந்த பிறகுதான் இதெல்லாம் நடக்கும். ஒரே கோப்பு இரண்டு விதமாக வந்தால், கடைசியாகச் சேமித்தது நிற்கும், மற்றது போகும். நியாயமான ஏற்பாடுதான்.

[முந்திரி வீட்டுப் பழக்கம் ஒன்றை இங்கே செருகியாக வேண்டும். அங்கே எல்லாக் கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். எங்கேயும் தாமதமாகப் போய் நிற்கக் கூடாதாம். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும் என்பதால் எல்லோரும் மனதுக்குள் ஒரு மணியைக் கழித்துக்கொள்வார்கள், வழக்கம்போலத் தாமதமாகவே போவார்கள். முந்திரி தன் லேப்டாப்பிலும் அப்படியே வைத்திருக்கிறாள். சர்வருக்குக் கழிக்கத் தெரியாது.]

புரிந்துவிட்டதல்லவா? பஸ்ஸில் வரும்போது முந்திரி தன் பழைய கோப்பைத் திறந்து ஒரு ஜன்னலைக் கொஞ்சம் நகர்த்திச் சேமித்தாள். அதற்கு அரை மணி கழித்து அண்ணி தன் கடைசித் திருத்தத்தைச் சேமித்தாள். முந்திரி ஆபீஸுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். சர்வர் இரண்டு நேரத்தையும் பார்த்தது, முந்திரியுடையதுதான் பிந்தியது என்று முடிவு கட்டியது. அண்ணியின் படிக்கட்டு அவள் கண்ணெதிரே காணாமல் போனது.

4

"முந்திரி உதட்டோரம் சிரித்தபடி லேப்டாப்பைத் திறந்தாள். அவளுக்குத் தெரியும், இன்னும் சற்று நேரத்தில்—"

எழுதிப் பார்த்தேன், அழித்துவிட்டேன். வில்லியாக்கினால் கதை சுலபமாக ஓடும். ஆனால் அவள் முகம் வெளிறியதை நான் பார்த்தேன்.

"வேணும்னு பண்ணல அண்ணி. என் கடிகாரம் முன்னாடி ஓடுது, அதான்."

"அது முன்னாடி ஓடுதுன்னு உனக்குத் தெரியும்தானே?"

அண்ணி சத்தம் போடவில்லை. கேட்டுவிட்டு முகம் கழுவப் போனாள். 

5

இனி வேகம். சர்வர் தோற்ற கோப்பைத் தூக்கி எறிவதில்லை, ஒரு ஒதுக்குப்புற ஃபோல்டரில் போட்டு வைக்கும் என்பது முந்திரிக்கு நினைவு வந்தது. விழுந்தடித்துக்கொண்டு தேடினாள். கிடைத்தது! திறந்தாள்.

முந்திரி போட்ட படிக்கட்டு வாசலிலிருந்து நேராக மேலே போகும். பளிச்சென்று இருக்கும், யாரும் குறை சொல்ல முடியாது. அண்ணியுடையது சுவரை ஒட்டி அகலமாகத் திரும்பியது. ஒரு பக்கம் ஏறுவதற்கு. இன்னொரு பக்கம் படிகள் உயரமாக, குழந்தைகள் உட்கார்ந்து படிப்பதற்கு. ஒவ்வொரு படியின் வயிற்றிலும் புத்தக அலமாரி. மாடிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே நூலகம் தொடங்கிவிடுகிறது.

முந்திரிக்கு வயிறு எரிந்தது. எரிந்துகொண்டே சந்தோஷமாகவும் இருந்தது. இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கே அதில் உட்கார்ந்து படிக்க ஆசை வந்துவிட்டது.

6

முடிவு அ: கோப்பு கிடைத்ததை அவள் யாரிடமும் சொல்லாமல்— இல்லை, அதற்கு அவளுக்கு நெஞ்சழுத்தம் போதாது.

முடிவு ஆ: இருவரும் கட்டிப்பிடித்துக் கண்ணீர்— டிவி சீரியலுக்கு விட்டுவிடுவோம்.

நடந்தது இதுதான். அண்ணி திரும்பி வந்தபோது இரண்டு வரைபடங்களும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. முந்திரி நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டாள்.

"உங்களோடதுதான் அண்ணி நல்லா இருக்கு. சொல்லும்போதே வயித்தெரிச்சலா இருக்கு, ஆனா அதான் நிஜம். நீங்களே உக்காந்து எதை அனுப்பணுமோ அனுப்புங்க."

சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். அண்ணி உட்கார்ந்தாள். செய்த தப்பைச் சரிக்கட்டுவதற்காக அப்படிச் சொல்கிறாளா, மனசாரச் சொல்கிறாளா? மனசாரச் சொன்னால் தன்னுடையதை அனுப்பலாம். இல்லையென்றால், பரிதாபத்தில் கிடைத்த இடம் தனக்கு வேண்டாம், அவளுடையதே போகட்டும். இதையெல்லாம் அண்ணி வாய்விட்டே என்னிடம் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"நீங்க எல்லாத்தையும் பாத்துட்டுத்தானே இருந்தீங்க. அவ சொன்னதை நம்பலாமா?"

நான் நம்புகிறேன். ஆனால் முந்திரியைப் பற்றி இவ்வளவும் எழுதியவன் நான். என் சாட்சி எடுபடாது. நீங்கள் வெளியாள். அழித்த வரிகள் உட்பட எல்லாவற்றையும் உங்கள் முன்னால் வைத்துவிட்டேன். அண்ணி மவுஸில் கை வைத்தபடி பதிலுக்குக் காத்திருக்கிறாள். சொல்லுங்கள்.